நாற்பத்தெட்டு மணி நேரம்

மூக்கையூர் படகுத்துறையில்
உச்சிவெயிலில் பற்றவைத்த மூட்டு
ஆறிவிட்டது.
சீனி காதர் முகமூடியைக் கழற்றி
"கைய வச்சுப் பாருங்க மேடம், பச்சத்தண்ணி" என்கிறான்.
ஆறட்டும்.
இரண்டு நாளைக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

கொண்டல் காற்றுதான் காரணம்.
நேற்று ராத்திரி முழுக்க
மூடி பொருந்தாத டப்பாவுக்குள் புகுந்து
வெல்டிங் குச்சிகளின் மேற்பூச்சில் படுத்திருந்தது.
குச்சி எரிய, ஈரம் பிளந்தது.
ஆக்ஸிஜன் கசடோடு போயிற்று.
ஹைட்ரஜன்
உருகிய இரும்பில் இறங்கிக்கொண்டது.

உள்ளே எப்படி நடக்கும், என்கிறான்.
நடக்காது. தாவும்.
வரிசை பிடித்த இரும்பணுக்களின் நடுவே
ஓர் இடுக்கு, கொஞ்சம் நடுக்கம், அடுத்த இடுக்கு.
திசை தெரியாது;
ஆனாலும் நெரிசல் கரைந்துவிடும்,
சந்தனக்கூடு முடிந்து
ஏர்வாடிக் கூட்டம் கலைகிற மாதிரி.

"பஸ் கெடைக்காம நிக்கிறவுக?"

அதைத்தான் கேட்கவேண்டும்.
பழுதுகளில், இழுபடும் முனைகளில்
மாட்டிக்கொண்டு தங்கிவிடுவார்கள்.
தங்குகிறவர்களால்தான் உடைகிறது.

இந்தக் கடலில்
ஆறாயிரத்துச் சொச்சத்துக்கு ஒன்று
இரட்டைக் கனம்.
அதுவும் காற்றேறி வந்திருக்கும்.
அதே இடுக்குகள்தான்,
இளையவன் பத்துத் தாவல் தாவும் நேரத்தில்
மூத்தவன் ஏழு.
மும்மடங்குக்காரன் ஒருவன் இருக்கிறான்,
இங்கே தேடினாலும் அகப்படமாட்டான்.
பன்னிரண்டு வருடத்தில் அவர்களில் பாதிப்பேர்
போகிற வழியிலேயே ஹீலியமாகி
அங்கேயே நின்றுபோவார்கள்.

சாயல்குடி மருந்துக்கடைக் கிளிசரினில்
அதே குச்சியால் ஒட்டிய துண்டொன்றைப் போட்டு
டீக்கடைப் பாய்லர் ஓரம் வைத்திருக்கிறேன்.
வெறும் இரும்பிலிருந்து
குண்டூசித்தலைக் குமிழிகள்,
ஒன்று, வெகுநேரம் கழித்து இன்னொன்று.
கடைக்காரர் கிராசியான் கண்ணாடியை மூக்கில் இறக்கி
"என்ன, இரும்பு புளிக்குதாக்கும்?" என்கிறார்.

இரண்டாம் ராத்திரி, மணி மூன்று.
வள்ளங்கள் போய்விட்டன.
அலை இல்லை.
துறைப்பக்கமிருந்து
டிக்.

காதர் பாயில் எழுந்து உட்காருகிறான்.
நண்டாக இருக்கலாம்,
கயிறு இழுபட்டிருக்கலாம்.
இருவரும் சொல்லவில்லை.
முப்பத்தொன்பது மணி நேரம்.

மேலேறிப் பார்க்க டார்ச்சை நான் தேடுகிறேன்.
அவன் குச்சி டப்பாவைத் தூக்கிக்கொண்டு
ரொட்டிக்கடை அடுப்பு சூடாயிருக்குமா
என்று கேட்கப் போகிறான்.
"முந்நூத்தம்பது டிகிரி வேணும்,
ரொட்டியெல்லாம் கருகிடும்" என்கிறேன்.
திரும்பாமலே சொல்கிறான்,
"கருகட்டும்."