பால்மாப் பேணி

பூட்டு ஐந்து.
கேற்றுக்கு இரண்டு,
ஸ்ரேரிங்குக்குக் குறுக்கே மஞ்சள் கம்பி,
முன்சில்லில் சங்கிலி சுற்றி ஓர் ஆமைப்பூட்டு.
ஐந்தாவது என் மனிசனின் விழிப்பு.
பத்தரைக்கே அது கழன்றுவிடும்.

வெள்ளை வெசல்.
வட்டக்கச்சிக்குள் அது வந்த அன்று
வாய்க்காலில் குளித்தவர்கள்
சவர்க்கார நுரையோடு எழும்பி நின்று பார்த்தார்கள்.
இரண்டு வெட்டு மெசினின் மூன்று போக உழைப்பு,
மிச்சம் லீசிங்.
கார்க் கப்பல் வராத காலம்.
"வித்தால் இன்னொரு வீடு கட்டலாம்"
என்று சொன்ன மேசன்
எங்கள் வீட்டுக்கு இன்னும் பூச்சுப் பூசவில்லை.
மதிலும் முன்பக்கம் மட்டும்தான்,
மற்ற மூன்று பக்கமும் கிளுவங் கதியால்.

ஸ்காபரோவிலிருந்து புவிராசன் அண்ணை
வீடியோவில் சொன்னார்:
"இங்க இப்ப ஒருத்தரும் கண்ணாடி உடைக்கிறேல்ல.
வீட்டுக்குள்ள கிடக்கிற திறப்பின்ர மூச்சை
வாசலில நிண்டு பிடிக்கிறாங்கள்.
சொந்தக்காரன் வந்திட்டான் எண்டு
கார் தானாத் திறக்குது.
தகரப் பேணிக்குள்ள போட்டு வையுங்கோ."

திறப்பைச் சொப்பிங் பையில் சுற்றிப்
பால்மாப் பேணியின் அடியில் வைத்து
மேலே மாவைக் கொட்டினேன்.
இவர் பேணியோடு போய்க் காரின் கைபிடியைத் தொட்டார்.
கார் அவரைத் தெரியாது என்றது.
அன்றைக்குத்தான் இவர்
நிம்மதியாய்ப் படுத்தார்.

எனக்கு அப்பாவின் திறப்பு ஞாபகம் வந்தது.
தேவிபுரத்தில் டீசல் முடிந்த இடத்தில்
ட்ராக்டரைத் தறப்பாளால் மூடிவிட்டு
திறப்பை மடியில் முடிந்துகொண்டு நடந்தார்.
செட்டிகுளத்தில், பவுசர் வரிசையில்
ஒரு சிப்பாய் அதைத் தொட்டு ஏதோ கேட்டான்.
அப்பாவுக்குச் சிங்களம் தெரியாது.
இரண்டு கையாலும் காற்றில் ஸ்ரேரிங் பிடித்து
கொஞ்சத் தூரம் ஓடிக் காட்டினார்.

செவ்வாய் இரவு கள்ளன் வந்தான்.
நாய் குரைக்கவில்லை.
கமரா விடியும்வரை
காரையே பார்த்துக்கொண்டிருந்தது.
பின்வேலியில் இரண்டு கதியால் விலகிக் கிடந்தன,
குசினி யன்னல் பலகை நிலத்தில்.

இவர் ஓடிப்போய் ஒவ்வொரு பூட்டாய்த் தடவினார்.
"ஒண்டும் போகேல்ல!"
நான் சொன்னேன்:
அரை றாத்தல் பாண், சீனிப் போத்தல்,
பிறகு
பேணி.

சிரிப்பு அவர் முகத்தில் நின்றுபோக
கொஞ்ச நேரம் எடுத்தது.

யப்பானிலிருந்து ஒரே ஒரு திறப்போடு வந்த கார்.
இன்னொன்று செய்யக் கொழும்புக்குத்தான் போகவேண்டும்,
விலை கேட்க இவருக்குத் துணிவில்லை.
பிளாஸ்ரிக் கதிரையைப் பொனற்றோடு ஒட்டிப் போட்டு
மண்வெட்டிப் பிடியோடு இருந்தார்.
தன்னிடம் கார் இருக்கிறது என்று
அவனுக்கு இன்னும் தெரியாது.
தெரியும் நேரத்துக்காக
இவர் விழித்திருந்தார்.

நான் கரண்டிக் கணக்குப் பார்த்தேன்.
முக்கால் பேணி மா.
நாலு பேர், காலையும் பின்னேரமும்
ஆளுக்கொரு கரண்டி தேத்தண்ணிக்கு என்றால்
பையில் கரண்டி தட்டுவது
சனிக்கிழமை.

வெள்ளி விடியப்புறம்
அதே விலகின கதியாலில்
பை தொங்கியது. உள்ளே திறப்பு.
பேணி இல்லை.

ஒரு நாள் முந்திவிட்டது.
அப்படியென்றால்
போத்தலில் குடிக்கிற பிள்ளை ஒன்று
இருக்கிற வீடு.
வாய்க்கால் பக்கம் அப்படி மூன்று வீடு,
மூன்றையும் எனக்குத் தெரியும்.

"ஆராயிருக்கும்?" என்றார் இவர்.
நான் வாய் திறக்கவில்லை.
கார் அவரை மறுபடி அடையாளம் கண்டு
இரண்டு தரம் கண்ணடித்தது.
குசினிக்கும் ஒரு பூட்டு வாங்கவேணும் என்று
சில்லுச் சங்கிலியைக் கழற்றத் தொடங்கினார்.

நான் பையை உட்புறம் வெளிப்புறமாய்ப் புரட்டி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
மடிப்புக்குள்கூட
ஒரு துகள் மா இல்லை.
விரலால் வழித்திருக்கிறார்கள்.