பாய் பிரித்தல்

படகு என்னுடையது.
இரோக்கோ மரத்தைக் குடைந்து
அப்பா செய்து தந்தது.
வலை ஸன்னூவுடையது.
பிரிவது என்றான பிறகு
பானைகளைப் பிரித்தோம், கோழிகளைப் பிரித்தோம்,
படுக்கும் பாயைக்கூட
நடுவில் கத்தி வைத்துப் பிரித்தோம்.
தண்ணீரில் நிற்கும் வீட்டின் கால்களில்
உன் பங்கைப் பிடுங்கிக்கொண்டு போ என்றேன்.
ஏரியைப் பற்றி யாரும் பேசவில்லை.

எட்டு மாதமாய்
ஒட்டும் இல்லை, உறவும் இல்லை,
ஓடம் மட்டும் ஒன்று.

தினமும் நாங்கள் சேர்ந்து பிரிப்பது
இந்த ஒரு பாயைத்தான்.
இருபத்துமூன்று அரிசிச் சாக்குகள், என் தையல்.
மூன்று யானை மார்க், ஐம்பது கிலோ.
அவசரத்தில் தைத்ததில்
யானைகள் தலைகீழாய் நிற்கின்றன.
காற்று வந்தால் அவற்றின் வயிறு நிறையும்.
அதன்பிறகுதான் எங்கள் வயிறு.

எஞ்சின் இருந்தது முன்பு.
என்னைக் கேட்காமல் விற்றான்.
கொட்டனூவில் வாடகைக்கு ஓட்ட
மோட்டார் பைக் வாங்கினான்.
மூன்றாவது வாரம் பைக் திருட்டுப் போனது.
ஓட்டுநரின் மஞ்சள் சட்டை மிஞ்சியது.
அதைப் போட்டுக்கொண்டுதான்
இன்றும் படகின் முனையில் நிற்கிறான்,
தூரத்திலிருந்தே தெரிகிற தப்பு மாதிரி.

மார்ச் மாதம்.
கால்வாய் வழியாகக் கடல்
உள்ளே வந்து குடியேறும் மாதம்.
விரலை நனைத்து நாக்கில் வைத்தேன்:
நேற்றைய குழம்பைவிட ஒரு கல் உப்பு கூட.
இறால் வரும்.
அவனிடம் சொல்லவில்லை.
அவனும் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவன் முழங்கை பின்னால் போகும்போது
நான் பாய்க்கயிற்றை விட வேண்டும்.
யானைகள் மூச்சு விடும், படகு தயங்கும்,
வலை வட்டமாய் விழும்.
அரை நொடி பிந்தினால் வட்டம் கோணும்.
பதினோரு வருடத்தில்
எனக்கு ஒருமுறையும் பிந்தவில்லை.
இதற்குப் பேச்சே தேவையில்லை என்பதுதான்
எனக்கு எரிச்சல்.

திலாப்பியா, கொஞ்சம் இறால்,
வலையைக் கடித்து வைத்த இரண்டு நண்டு.

மதியம் வரவேண்டிய கடற்காற்று
பாதி ஏரியில் எங்களைக் கைவிட்டது.
யானைகள் சாக்குகளாயின.
கழி அடியைத் தொடாத இடம்;
துடுப்பு ஒன்றுதான், அதிலும் விரிசல்.
உட்கார்ந்தோம்.
அவன் மேற்கைப் பார்த்தான்,
அதனால் நான் கிழக்கைப் பார்த்தேன்.

அப்போது கேட்டது அந்த இருமல்.
இரண்டு முறை அடங்கி மூன்றாவதில் பிடித்துக்கொள்ளும்
எங்கள் எஞ்சின்.
யாரோ ஒரு பையனின் மணல் படகில்
புதிதாய் நீலம் பூசிக்கொண்டு வந்தது.
"கயிறு போடவா? இழுத்துக்கொண்டு போகிறேன்."

"வேண்டாம்" என்றோம்.
இரண்டு பேரும்,
ஒரே வாயில் வந்தது போல.

பையன் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான்.
புகை வெகுநேரம் தண்ணீர்மேல் நின்றது.
"ஆயில் சரியாகக் கலக்கவில்லை" என்றான் ஸன்னூ.
"பிளக்கும் மாற்றவில்லை" என்றேன்.
எட்டு மாதத்தில் அவ்வளவுதான் பேச்சு.
அதுவும் எஞ்சினைப் பற்றி.

காற்று வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.
முதலில் என் கழுத்து அறிந்தது,
அப்புறம் யானைகள்.

வீட்டுக்கால்களுக்கு இடையில் பங்கு பிரித்தோம்.
உனக்கொன்று, எனக்கொன்று.
ஒற்றையாய் ஒரு மடவை மிஞ்சியது.
பக்கத்துப் படகுக்காரி
நூற்றைம்பது பிராங்குக்கு எடுத்துக்கொண்டாள்.
ஆளுக்கு எழுபத்தைந்து.
என் பங்கில் ஐந்து பிராங்க் சில்லறை
அவனிடம் இல்லை.

"நாளைக்குத் தருகிறேன்."
"நாளை ஞாயிறு" என்றேன்.
"காற்றுக்குத் தெரியுமா ஞாயிறு?"

பதில் சொல்லவில்லை.
பாயைச் சுருட்டினேன்.
யானைகள் ஒன்றின்மேல் ஒன்றாய்
ஈரத்தோடு படுத்துக்கொண்டன.