மணல் பெட்டி

இருபத்து மூன்றாம் இரவு.
நாட்களை எண்ணாதே என்றார்கள்.
எண்ணாமல் இருந்த நாட்கள்
இதுவரை இரண்டு.

ஒஸ்த்ராவா டிராம் பணிமனையில்
எனக்கு இரவு முறை.
வண்டிகள் ஈரம் சொட்டச் சொட்ட
ஒவ்வொன்றாய் வந்து அடையும்.
இருக்கைக்கு அடியில் ஒரு பெட்டி.
அதில் மணல் நிரப்ப வேண்டும்.
தண்டவாளம் வழுக்கும்போது
ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்துவார்,
சக்கரத்துக்கு முன்னால்
ஒரு பிடி மணல் விழும்.
அவ்வளவுதான். வண்டி நின்றுவிடும்.

கைப்பேசியை லாக்கரில் பூட்டிச்
சாவியை ரேனாத்தாவிடம் கொடுத்துவிடுகிறேன்.
இரவு வண்டி ஓட்டுகிறவள்.
முதல் நாள் மட்டும்
"கடன்காரர்களா?" என்று கேட்டாள்.
"அப்படித்தான்" என்றேன்.
பொய்யில்லை.

ஆசையோடுதான் மல்லுக்கட்டு என்று
கச்சை கட்டிக்கொண்டு காத்திருந்தேன்.
ஆசை அவ்வளவாக வரவில்லை.
இரண்டே முக்காலுக்கு
விலா எலும்புகளுக்கு இடையே
ஒரு வெளவால் வந்தது.
உள்ளங்கை வேர்த்தது.
யாரோ செத்த செய்தி
வந்துகொண்டே இருக்கிறது,
இன்னும் என்னை எட்டவில்லை, அவ்வளவுதான்
என்று தோன்றியது.

பயம் வந்தால் கண்ணில் படும்
ஐந்து பொருள்களைச் சொல்லிப் பாருங்கள்
என்றார் மருத்துவமனை செவிலியர்.
டிராம். டிராம். டிராம். டிராம்.
வாளி.

சுரங்கத்தை மூடிய வருடம்
அப்பா சமையலறையில் உட்கார்ந்தவர்
எழுந்ததாக நினைவில்லை.
சுவருக்கு இந்தப் பக்கம் நான்,
பதினாலு வயது,
சத்தத்தை அணைத்துவிட்டுப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதன் பிறகு இருபது வருடமும்
சத்தமில்லாமலேதான் பார்த்தேன்.
ஒரு காது எப்போதும் கதவில்.
இப்போது படம் போய்விட்டது.
காது மட்டும்
இன்னும் கதவிலேயே இருக்கிறது.

க்வெத்தாவிடம் வாயால் சொல்ல முடியவில்லை.
மின்கட்டண ரசீதின் பின்புறம் எழுதி
சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்தேன்.
படித்தாள்.
திருப்பி முன்பக்கத்தையும் படித்தாள்.
"கட்டணம் ஏறிப்போச்சு, லுபோஷ்" என்றாள்.
அன்றிலிருந்து அவள்
சின்ன அறையில் தூங்குகிறாள்.
கதவைத் தாழிடுவதில்லை.
அதற்கு என்ன அர்த்தம் என்று
இன்னும் கேட்கவில்லை நான்.

ஈர மணல் கட்டிபிடித்துவிடும்,
அடுப்பில் வறுத்துத்தான் கொட்ட வேண்டும்.
நேற்று வெளவால் வந்தபோது
மணிக்கட்டு வரை
இரண்டு கைகளையும் சூட்டு மணலில் புதைத்தேன்.
கை நடுங்க
மணலும் நடுங்கியது.
பிறகு மணல் நடுங்கவில்லை.
கை கொஞ்ச நேரம் கழித்துத்தான் நின்றது.

இன்று அதுவும் போதவில்லை.
சாவியைக் கேட்க
வண்டி திரும்பும் வளைவு வரை நடந்தேன்.
பனியும் மழையுமாய்க் கலந்து பெய்கிறது.
ரேனாத்தாவின் விளக்கு தெரிந்தது.
சரிவில் சக்கரம் ஒருமுறை வழுக்கி
உஸ்ஸென்று மணல் விழுந்து
வண்டி என் முன்னே நின்றது.
நான் வறுத்த மணல்.

கதவு திறந்தாள்.
பைக்குள் கைவிட்டு
சாவியை எடுத்து நீட்டினாள்,
நான் கேட்பதற்கு முன்பே.
"வேணுமா?"

"ஒரு சுற்று வந்துட்டுப் போறேன்."

வண்டியில் இன்னும் இரண்டே பேர்.
செருப்பைக் கழற்றிவிட்டுத் தூங்கும் ஒரு பெண்.
பூந்தொட்டியை மடியில் வைத்திருக்கும்
குடிகாரர் ஒருவர்.
யார் வீட்டுத் தொட்டியோ.
என் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது.
ஆடட்டும் என்று விட்டேன்.
குடிகாரர் பார்த்தார்,
"குளிர்" என்றார்.
"பயம்" என்றேன்.
தொட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டு
"ஆமாம், அதுவும்" என்றார்.

விடிந்து வீடு வந்தேன்.
சின்ன அறையில்
கட்டில் கிரீச்சிட்டது.
கதவருகே மூச்சைப் பிடித்து
நின்றுகொண்டிருந்தேன்,
பழைய பழக்கம்.

உள்ளேயிருந்து குரல் வந்தது:
"அந்த ஷூ மணலை
வெளியவே தட்டிட்டு வா."