கொசுறு

எங்கள் கோயிலின் மூன்றாம் தூணுக்கு மேலே
சுற்றுகிற ஃபேன் நான் வாங்கிக் கொடுத்தது.
இறக்கை மூன்றிலும் சிவப்புப் பெயிண்டில்
'உபயம்: ம. எஸ்தாக்கி, பாம்பன்.'
ஒரு வேடிக்கை.
கரண்ட் இருந்தால் பெயர் தெரியாது, காற்று வரும்.
கரண்ட் போனால் காற்று நிற்கும், பெயர் வரும்.
பிரசங்கத்தின் நடுவே கரண்ட் போகிற ஞாயிறுகளில்
வியர்த்துக்கொண்டே எல்லாரும் என்னை வாசிப்பார்கள்.
அதில் எனக்கொரு சுகம்.
பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னதில்லை.

பங்கின் கணக்கு நோட்டு
பதினோரு வருடமாய் என்னிடம்.
ஒரு ரூபாய் இடறியதில்லை.

தடைக்காலம் முடிந்து முதல் பாட்டுக்குப் போன
இரண்டு விசைப்படகை அக்கரையில் பிடித்துவிட்டார்கள்.
பதினாறு வீட்டில் உலை ஏறவில்லை.
சாமி பீடத்திலிருந்து கேட்டார்.
அன்றைக்குப் பவுலடியார் கடிதம் வாசித்தவன் நான்தான்.
'முகமலர்ச்சி' என்ற இடத்தில் நாக்குத் தடுக்கியது.
கண்ணாடியைக் குறை சொல்லிச் சமாளித்தேன்.

தெருவாரியாய்ப் பட்டியல் போட்டேன்.
விசைப்படகுக்கு ஐயாயிரம், வல்லத்துக்கு ஆயிரம்,
கூலிக்குப் போகிற வீட்டுக்கு நூறு.
கொடுத்தார்கள்.
கதவைப் பாதி திறந்து கொடுத்தார்கள்.
"போன மாசந்தான குடுத்தோம்" என்று கொடுத்தார்கள்.
குறை சொல்ல நான் யார்?
என் ஐந்நூறையும் அப்படித்தான் கொடுத்தேன்,
பின்னால் நின்றவர் கண்ணுக்குப் படட்டுமென்று
நோட்டை ஒரு தரம் விரித்து.

கித்தேரி வீட்டில் இல்லை.
பாலத்தடியில் காரல் கூடையோடு
வாத்தியார் சம்சாரத்திடம் மல்லுக்கு நின்றாள்.
"நூத்தியிருவதுக்குக் கொறைஞ்சா
அந்தோணியாரே வந்தாலும் கெடையாது."
ஐந்து ரூபாய்க்குக் கால்மணி நேரம்.
கடைசியில் கேட்ட விலையை வாங்கி முந்தியில் முடிந்துவிட்டு,
சிரித்துக்கொண்டே
இரண்டு கை காரலை அள்ளி அந்தம்மா பையில் போட்டாள்.
முப்பது ரூபாய் பெறும்.
"கொசுறு" என்றாள்.

அஞ்சு ரூபாய்க்கா இவ்வளவு சண்டை என்றேன்.
"அது வெலை மாமா. இது நானு."

அவள் பெயருக்கு நேரே நூறு.
எண்ணிக் கொடுத்தாள், செதில் ஒட்டிய ஈர நோட்டு.
பிடிபட்டவர்களில் அவள் கொழுந்தனும் ஒருவன்,
நாலு வருடமாய்ப் பேச்சில்லை.
"இப்பவும் பேச மாட்டேன்.
அவன் புள்ளை பட்டினி கெடக்கணும்னு நான் எப்பச் சொன்னேன்?"
ரசீதைக் கிழிப்பதற்குள்
முந்தி முடிச்சை மறுபடி அவிழ்த்து
இருந்ததை எண்ணாமல் அள்ளி என் பைக்குள் விட்டாள்.
சில்லறை சிரித்தது.
"இதை எப்படி எழுத?"
"கொசுறை எந்த ஊர்ல எழுதுறாக?"

அன்றிரவு கணக்கு இடித்தது.
இருநூற்றுப் பதினேழு கூடுதல்.
வரவுக்குக் கட்டம் உண்டு, செலவுக்கு உண்டு,
கொசுறுக்கு இல்லை.
ஐந்து அப்பத்தில் பன்னிரண்டு கூடை மிஞ்சியதே,
அங்கே நோட்டு வைத்திருந்தவன் என்ன செய்திருப்பான்?
கச்சான் காற்று கதவிடுக்கில் மணலை இறைத்தபடி இருந்தது.
ஒரு கடல் போதாதா ஓர் ஊருக்கு?
வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று.
இதில் எது விலை, எது கொசுறு?

பதினாறு கவரிலும் பதிமூன்று பதிமூன்றாய் வைத்தேன்.
ஒன்பது மிஞ்சியது.
இன்னும் ஏழு இருந்தால் ஆளுக்குப் பதினாலு.
சட்டைப் பையைத் துழாவினேன்.
ஏழு ரூபாய்.
எழுதவில்லை.
அறையில் யாருமில்லாமல் எனக்குச் சிரிப்பு வந்தது,
ஏழு ரூபாய்க்கு இது அதிகம்.

இந்த ஞாயிறும் பிரசங்கத்தில் கரண்ட் போனது.
தலைக்கு மேலே நான், கொட்டை எழுத்தில்.
பெயரைச் சுரண்டிவிடவில்லை, பொய் சொல்வானேன்,
அவ்வளவு தூரம் இன்னும் வரவில்லை.
ஆனால் கரண்ட் வரட்டுமென்று வேண்டிக்கொண்டேன்.
வந்தது.
எஸ்தாக்கி மெல்லச் சுழன்று, கலங்கி, காணாமல் போனான்.
மூன்றாம் தூணில் சாய்ந்து
வாய் திறந்து தூங்குகிற கித்தேரியின் முக்காட்டை
காற்று தூக்கிப் பார்த்தது.