மூன்றாவது அடுப்பு

இரவு ஒன்பதுக்குப் பிறகு தண்ணீர் மட்டும்
என்று தாளில் கோடு போட்டுத் தந்தார் டொக்டர்.
எனக்கு ஒன்பதுக்குத்தான் விடியும்
என்பது அவருக்குத் தெரியாது.

டண்டினோங் பாண் தொழிற்சாலையில்
மூன்றாவது அடுப்பு என்னுடையது.
பதினொன்றுக்கு முதல் தட்டு வெளியே வரும்,
ஒரு மணிக்கு முந்திரிகைவத்தல் பாண்.
கறுவா வாசம் கையுறைக்குள்ளும் புகும்.
உடைந்ததை எடுத்து பட்டர் பூசித் தின்றால்
ஒருவரும் கேட்கமாட்டார்கள்.
எட்டு வருசமாக என் இராச்சாப்பாடு அது.

"என்ன மச்சான், கந்தசஷ்டியோ?" என்றான் நிமலரூபன்.
ஈரல், என்றேன்.
சிரிப்பை நிறுத்தி என் கண்வெள்ளையைப் பார்த்தான்.
இந்த லைட்டுக்குக் கீழே எல்லாருக்கும் மஞ்சள்தான்.
பிறகு பெருவிரலை வாய்ப்பக்கம் கவிழ்த்துக் காட்டினான்.
இல்லையடா, தொட்டதே இல்லை.
தலையை ஆட்டினான்,
நம்பாதவன் ஆட்டுகிற ஆட்டு.

கல்லீரல்.
கல்லையும் ஈரத்தையும்
ஒரே பைக்குள் போட்டுக் கட்டியவன் எவனோ.
எனக்குள் எது எவ்வளவு என்று
நாளை ஒரு இலக்கம் வரும்.

மூன்று மணிக்கு வயிறு கத்தியது.
மாக் குழைக்கிற மெசின் அதைவிடச் சத்தம்.
நாலு மணிக்கு வயிறு கத்துவதை விட்டது.
அந்த அமைதி எனக்குப் பழக்கம்.
எங்கே பழகினேன் என்று இதில் எழுதப்போவதில்லை.

ஏழே முக்காலுக்கு என் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள்.
மெலே, என்றது அவள் சட்டைப் பட்டி.
சாப்பிட்டு எவ்வளவு நேரம்?
பத்து மணித்தியாலமும் நாற்பத்தைந்து நிமிடமும்
என்றேன், பரீட்சை பாசான பிள்ளை மாதிரி.
தாளைத் திருப்பிப் பார்த்தாள்.
"ஈரல் மட்டும்தானே எழுதியிருக்கு.
இதுக்கு நீ சாப்பிட்டே வந்திருக்கலாம்."

ஒரு குழாய், மஞ்சள் மூடி.
நரம்பைத் தட்டித் தேடும்போது மூக்கைச் சுருக்கினாள்.
"உன்னில் கறுவா மணக்குது. காலமையிலிருந்து
நானும் ஒன்றும் சாப்பிடவில்லை, தெரியுமா?"

காருக்குள் இருந்து போனைத் திறந்தேன்.
மூன்று பத்துக்கு வதனி:
ஈரக்குலை பதறுது, முடிஞ்சதும் எடுங்கோ.
ஐந்தரைக்கு: நானும் உங்களோட சேர்ந்து
ராத்திரியில இருந்து பச்சைத்தண்ணிதான்.

தாளில் சுற்றிய பாண் துண்டு சீட்டில் கிடந்தது.
பஞ்சு ஒட்டிய கையால் அதை எடுத்தேன்,
திரும்ப வைத்தேன்.
பாலம் தாண்டினால் வீடு.
பதினைந்து நிமிடம்,
லைட் விழாவிட்டால்.