முப்பத்தொன்று

இடப்பக்கம் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.
வாஜாவுக்கே தெரியும்
கை எங்கே மடிய வேண்டுமென்று.

முதல் தடவை இருபது சதவீதம்.
குத்தாயிசிச் சந்தை முனையில்
மண் அடுப்பின் வாய்க்குள் ரொட்டி ஒட்டக் குனிந்தவர்
நிமிர மூச்சில்லாமல் வந்திருந்தார்.
திரையில் அவர் இதயம்
நனைந்த தோல்பை போலத் தொளதொளத்து
சுருங்க மறந்து கிடந்தது.

பதினாறு மாதம் கழித்து ஐம்பத்துநான்கு.
நான்தான் அளந்தேன், இரண்டு முறை.
மீண்டது என்று எழுதினேன்.
மறுநாள் என் மேசையில்
காகிதம் சுற்றிய ரொட்டி, சூடு ஆறாமல்.

அந்தச் சொல்லை அவர்
முடிந்தது என்று வாசித்திருக்கிறார்.
மாத்திரைகள் மாவு டப்பாவுக்குப் பின்னால் போயின.
நாத்தேலா கண்டெடுத்தபோது
புருஷன் பாதம்
எந்தக் காலணிக்குள்ளும் நுழையவில்லை.

குளிர்ந்த ஜெல்லைத் தடவுகிறேன்.
இருட்டில் என் முகத்தையே பார்க்கிறார்,
திரையை அல்ல.
முப்பத்தொன்று.

பழையபடி ஏறுமா?

டாக்டர் சொல்வார், என்கிறேன்.
பிறகு, அவர் கேட்காமலே,
முன்பு ஏறியதுதானே.

சட்டைப் பொத்தானை ஓட்டை மாற்றிப் போட்டபடி
போகிறார்.
வெளியே அடுத்தவர் இருமல்.
விரிப்பை உதறுகிறேன்,
கொஞ்சம் மாவு.