இரண்டு விரல்

பதிவேட்டில் நான்கு கட்டங்கள்:
திகதி, நேரம், மேல்மட்டம், கீழ்மட்டம்.
ஆடி பிறந்து பதினொரு நாளாய்க்
கீழ்மட்டத்தில் சைபர் எழுதுகிறேன்.
வடிவான சைபர்கள்.

பல்சக்கரத்துக்குக் கிறீஸ் பூசிக்கொண்டிருக்க
உவைஸ் வந்தான்,
மூதூரிலிருந்து சைக்கிளில்.
தோளில் வீச்சுவலை, காய்ந்தபடி.
"உப்பு மேல ஏறிட்டு, கேற்றுக்காரர்.
மருதமரத்து மடுத் தண்ணிய
ஒருக்கா நாக்கில வெச்சிப் பாருங்க."
சாரத்து மடிப்பிலிருந்து
சோடாப் போத்தல் ஒன்றை எடுத்தான்.
உள்ளே விரல் நீளத்தில் கொடுவாக் குஞ்சு,
வாயை மட்டும் தண்ணீருக்கு மேலே வைத்து
எதையோ எண்ணிக்கொண்டிருந்தது.
கழுத்தளவு மடு
இப்போது கணுக்கால் அளவாம்.
பகலில் கால் வைத்தால் சுடுமாம்.

வாய்க்கால் கடைசியில்
பூபாலபிள்ளையின் நாலு ஏக்கர்
குடலைப் பருவத்தில் நிற்கிறது.
அதையும் சொன்னேன்.
"தெரியும்" என்றான்,
போத்தலை வைத்துவிட்டுப் போனான்.

அன்றிரவு திறந்தேன்.
இரண்டு விரல்.
இரும்புக்கு அடியில் கங்கை
பல் இடுக்கால் பேசுவதுபோல் ஒரு சத்தம்.
விடியுமுன் இறக்கிவிட்டு
சைபர் எழுதினேன்.
முதல்முறை கை நடுங்கியது.

மூன்று இரவு.

நாலாம் நாள் இருவரும் ஒன்றாய் வந்தார்கள்.
"மணல் குடிச்சிட்டு" என்றான் உவைஸ்,
"மடுவுக்கு முன்னூறு யார் இருக்கக்குள்ள
தண்ணி நிண்டுட்டு."
பூபாலபிள்ளை ஈர்க்குக் குச்சியை நீட்டினார்.
அதில் நகத்தால் ஒரு கீறல்,
கீழே இன்னொன்று.
"ஒரு அங்குலம் குறைஞ்சிருக்கு. யார் எடுத்தது?"

கதவு வெயிலில் டிக் டிக்கென்று விரிந்தது.
நான்தான் என்றேன்.
யாருக்கும் போதாத அளவு திறந்திருக்கிறேன்.

பூபாலபிள்ளை கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார்,
எனக்கா ஆற்றுக்கா தெரியவில்லை.
பிறகு பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார்.
"இதில மீனுக்கு எங்க கட்டம்?"
இல்லை.
"கீறு. திறந்ததை எழுது.
கூட்டத்தில சண்டை பிடிக்கிறதெண்டா
கணக்கு வேணும், எனக்கும் அவனுக்கும்."

ரூலர் இல்லை. கோடு கோணலாய்ப் போயிற்று.

குஞ்சை முதல் இரவே
அணைக்கு மேற்பக்கம் விட்டிருந்தேன்,
ஆழம் அங்கேதான் இருந்தது.
வளரும். முட்டையிடக் கடல் தேடி
ஏதோவொரு மாரியில்
இந்தக் கதவை உள்ளிருந்து முட்டும்.
அன்றைக்கு யாருடைய முறையோ.